மாம்பலத்துக் கடைவீதியில் மலிவைத் தேடி

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயில் மாம்பலத்தில் நின்றதும், வெறும் பைகளை மடித்துக் கையில் பிடித்தபடி குடும்பம் குடும்பமாக மக்கள் இறங்குவதைக் கண்டால் ஆடி பிறந்துவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். நிலையத்தின் கிழக்குப் புறத்தை ஒட்டியே ரங்கநாதன் தெரு தொடங்குகிறது. அது அகலத்தால் சிறியது. ஆயினும் மாவட்டம் கடந்து மக்களை ஈர்க்கும் ஆற்றலால் பெரியது. நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் நீள நடைமேம்பாலம் 2023 மே மாதத்தில் திறக்கப்பட்டது. இருப்பினும் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தெருவில் நாம் நடப்பதில்லை. கூட்டமே நம்மை நடத்திச் செல்கிறது.

இன்று துணிக்கடல் போல் விளங்கும் இவ்வூர், ஒரு காலத்தில் நீர்நிறைந்த ஏரியின் பரப்பாக இருந்தது. 1920களில் ஏரியைத் தூர்த்து, தெருக்கள் வகுத்து, நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயரால் புதுநகர் எழுப்பப்பட்டது. நகரின் நடுவிலுள்ள பூங்காவுக்கு அந்நாளைய முதலமைச்சர் பனகல் அரசரின் பெயர் அமைந்தது. சௌந்தரபாண்டியனார் பெயர் தாங்கிய அங்காடியை மக்கள் ‘பாண்டி பஜார்’ என்று சுருக்கிக்கொண்டனர். குடியிருக்க அமைத்த நகர், காலப்போக்கில் கொள்வோரும் கொடுப்போரும் கூடும் பெருஞ்சந்தையாயிற்று.

ஆடி மாதத்திற்கும் தள்ளுபடிக்கும் என்ன உறவு? ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது உழவர் மொழி. கையிலுள்ள பணம் விதைக்கும் உரத்திற்கும் போய்விடும் காலம் இது. மேலும், நம் நாட்டு வழக்கப்படி இம்மாதத்தில் பலர் திருமணம் நடத்துவதில்லை. திருமணம் இல்லையேல் பட்டுக்கு ஏது விற்பனை? தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்கு முன் பழைய சரக்கு நகர்ந்தாக வேண்டும். அதில் முடங்கிய பணமும் திரும்ப வேண்டும். ஆகவே வணிகர் விலையைக் குறைக்கிறார். இவ்வளவில் இது நேர்மையான வாணிபமே; வாங்குவோருக்கும் விற்போருக்கும் ஒருங்கே நன்மை தருவது. ஆனால் உண்மையான தள்ளுபடியின் அருகிலேயே, அதன் உடையை அணிந்துகொண்டு போலித் தள்ளுபடியும் நிற்கிறது. இரண்டையும் பிரித்தறிவதே குடும்பத் தலைவியின் திறமை.

தெருவில் நடந்தவாறே பலகைகளைப் படித்துப் பாருங்கள். ‘50 சதவிகிதம்’ என்பது ஆள் உயர எழுத்தில் இருக்கும். அதன் பக்கத்தில் ‘வரை’ என்னும் சொல் எறும்பளவில் ஒட்டிக்கொண்டிருக்கும். மூலையில் கிடக்கும் சில உருப்படிகளுக்கு மட்டும் 50. மற்றவற்றுக்கு 5 அல்லது 10 என்பதே அதன் பொருள். ‘50 சதவிகிதம், அதன்மேல் 20 சதவிகிதம்’ என்று இன்னொரு பலகை கூறும். அதை 70 என்று கூட்டிக்கொள்வது மனித இயல்பு. கணக்கோ வேறு: 1,000 ரூபாய்ச் சேலை முதலில் 500 ஆகும், அந்த 500இல் 20 சதவிகிதம் 100, ஆக விலை 400. கழிவு 60 சதவிகிதமே. ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பதும் அவ்வாறே. 600 ரூபாய்ச் சட்டைகள் மூன்றை 1,200க்குப் பெறுகிறோம். கழிவு மூன்றில் ஒரு பங்கு. ஒரே ஒரு சட்டை தேவைப்பட்ட வீட்டுக்கோ அது இலவசமன்று, 600 ரூபாய் கூடுதல் செலவு.

எனவே, ரயிலேறுமுன் வீட்டில் செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. யாருக்கு எது தேவை, என்ன அளவு, எவ்வளவு பணம் என்று தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். வாங்க எண்ணும் பொருளின் விலையை ஆனி மாதத்திலேயே உள்ளூர்க் கடையில் கேட்டு அதே தாளில் குறித்துவைப்பது இன்னும் நன்று. ஏனெனில் ‘பழைய விலை’ என்று அட்டையில் அடித்துக் காட்டப்படும் எண்ணை எழுதியவர் விற்பவர்; நம் தாளிலுள்ள எண்ணை எழுதியவர் நாம். எதை நம்புவது என்பதில் ஐயம் வேண்டுமோ?

உஸ்மான் சாலைப் பெருங்கடைகளில் நுழைவோம். விலை குறைந்த துணிக்கு ஒரு காரணம் இருக்கும். அதைக் கேட்டறிய வேண்டும். கடைசி உருப்படி, விடுபட்ட அளவு, சென்ற ஆண்டின் வண்ணம் என்றால் நமக்கு இலாபம். மடிப்பு ஓரத்தில் வெளிறியது, இழை ஓடியது, சரிகை கறுத்தது என்றால் அது மலிவன்று, கழிவு. சேலையை முழுவதும் விரித்து, மின்விளக்கை விட்டு வாயிலின் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நன்று. ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் ஓரத்தைத் தேய்த்தால் சாயம் தன் குணத்தைச் சொல்லிவிடும். பட்டு என்றால் பட்டு முத்திரையும், கைத்தறி என்றால் கைத்தறி முத்திரையும் உண்டா எனக் காண்க.

பாத்திரங்களும் மின்கருவிகளும் விற்கும் கடையில் வேறு கவனம் தேவை. குக்கரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இன்றியமையாதது. குளிர்பெட்டியில் ஒட்டியுள்ள நட்சத்திரங்களை எண்ணுவதோடு நில்லாமல், அந்த அட்டையிலுள்ள ஆண்டையும் பார்க்க வேண்டும். அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், பழைய அட்டையின் 5 நட்சத்திரம் புதிய கணக்கில் குறைந்துவிடக்கூடும். வாங்கும்போது மிச்சமான பணம், மின்கட்டணமாகச் சிறுகச் சிறுகத் திரும்பிப் போகும்.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. பொட்டலப் பொருளின் விலையைக் குறைத்து ஒட்டுத்தாள் ஒட்டலாம்; ஆனால் முதலில் அச்சிட்ட விலையை அது மறைத்தல் ஆகாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சலுகை விலை என்று விளம்பரம் செய்துவிட்டு அவ்விலையில் விற்கும் எண்ணமே இல்லாதிருப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. பழுதான பொருளை ரசீதில் கண்ட காலத்துக்குள்ளும், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாள்களுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பதும் அவ்வாறே குற்றமாகும். ஆதலால் ரசீது பெறாமல் கடையை விட்டு இறங்காதீர்கள். குறையிருப்பின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம்.

இத்தனை கவனத்துக்கு இடையே, மேசைக்கு அப்பால் நிற்பவரையும் மறவாதிருப்போம். நாற்பது சேலைகளை விரித்துக் காட்டும் அந்த இளம்பெண்ணும் ஒரு குடும்பத்தின் மகள். விற்பனைப் பணியாளருக்கு இருக்கை வசதி தரவேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2021இல் சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. சட்டம் இருந்தும், கூட்டம் அலைமோதும் நாளில் உட்கார அவருக்கு நேரமேது? எழுதிவைத்த தாளோடு செல்பவர் நாற்பது சேலை கேட்கமாட்டார், ஐந்தில் முடித்துக்கொள்வார். தெளிவாக வாங்குவது நம் பணத்துக்கு மட்டுமன்று, பிறர் கால்களுக்கும் நாம் காட்டும் பரிவாகும்.

திரும்பும் வழியில் எழும்பூரில் இறங்கிப் பாந்தியன் சாலைக்குச் செல்ல முடியுமானால், கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் தில்லையாடி வள்ளியம்மை மாளிகையைக் காணலாம். நெசவாளர் கூட்டுறவுக்காக 1935இல் தோன்றிய நிறுவனம் அது. பண்டிகைக் காலத் தள்ளுபடி அங்கும் உண்டு. மாம்பலத்து விலையையும் இவ்விடத்து விலையையும் ஒப்பிட்ட பிறகே பணப்பையைத் திறப்பது அறிவுடைமை. தறியில் அமர்ந்தவனுக்கு நம் காசில் ஒரு பங்கு போய்ச் சேருமென்றால் அதுவும் ஓர் இலாபமே.

அன்புக் குடும்பங்களே! கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வேண்டிய புத்தாடையை ஆடியிலேயே மலிவாக வாங்கிப் பெட்டியில் வைக்கும் தாய் பாராட்டுக்குரியவள். ஆனால் காதணியை அடகு வைத்துத் தள்ளுபடிக்கு ஓடுவோரும் நம்மிடையே உண்டு. அவர்கள் கடையில் மிச்சப்படுத்தியதை அடகுக்கடையில் வட்டியாகக் கட்டுகிறார்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் வரும் நாளில் தவிக்கிறார்கள். 2,000 ரூபாய்ப் பொருளை 1,000க்கு வாங்கினால் 1,000 மிச்சம் என்பது வணிகர் கணக்கு. தேவையற்றது எனில் 1,000 செலவு என்பது வீட்டுக் கணக்கு. ஆடிக் கூட்டத்தில் இந்த இரண்டாம் கணக்கை மறவாதவரே மெய்யான மலிவைக் கண்டவர்.