குச்சியில் குத்தின கேக்

2022 மார்ச் கடைசி. மின்வெட்டு 13 மணித்தியாலம் வரைக்கும் போன நாட்கள். எங்கட குறூப்புக்குப் பத்து மணிக்குத்தான் கரண்ட் போகும் என்று அட்டவணையில் கிடந்தது. அம்மா அதை நம்பி எட்டரைக்கு இரண்டு கிலோ பட்டர் கேக்கை அவனுக்குள் வைத்தா. ஒன்பது இருபதுக்குக் கரண்ட் போட்டுது. இன்னும் கால் மணித்தியாலம் கிடைத்திருந்தால் காணும்.

"கதவைத் திறந்திடாதை, உள்ச்சூட்டிலையே வெந்திடும்."

வேகவில்லை. விளிம்பு முழுக்கப் பொன்னிறம், நடுவில் கிணறு.

அம்மா வீட்டிலிருந்து கேக் ஓடர் எடுப்பவ. அந்தக் கேக் மறுநாள் பின்னேரம் ஒரு ஆறு வயதுப் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போகவேண்டியது. மாஜரினுக்கு மூன்று கடை ஏறி இறங்கியிருந்தோம். இன்னொரு கேக் போடச் சாமானும் இல்லை, காஸும் இல்லை. அம்மா தாச்சியைக் கழுவாமல் குசினி வாசலில் குந்திவிட்டா. எனக்கு அம்மா அழுவாவோ என்று பயம். அவ அழவில்லை, "அட்வான்சைத் திருப்பிக் குடுத்திடுவம்" என்று மட்டும் சொன்னா. அது அழுகையை விடக் கஷ்டமாக இருந்தது.

கேக் பொப் செய்வோம் என்று நான்தான் சொன்னேன். 2008 அளவில் ஆஞ்சி டட்லி என்ற அமெரிக்கப் பெண் தன் வலைப்பூவில் போட்டு உலகம் முழுக்கப் பரவின சாமான். உதிர்த்த கேக்கை ஐசிங்கில் குழைத்து, உருட்டி, குச்சியில் குத்தி, சொக்லேட்டில் தோய்ப்பது. அவ்வளவுதான். உடைந்த கேக்கைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

"கேக் எண்டு காசு வாங்கிப்போட்டு உருண்டையைக் குடுக்கிறதோ?"

வேகாத நடுப்பகுதியைத் தோண்டிக் கோழிக்குப் போட்டோம். தேறினது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. நான் வீடியோவில் பார்த்தபடி ஐசிங்கை அள்ளிப் போட்டேன். கேக் களியாகிவிட்டது. அம்மா என்னைத் தள்ளிவிட்டு, எடுத்து வைத்திருந்த விளிம்புத் துண்டுகளையும் உதிர்த்துச் சேர்த்தா. பிடித்தால் பிடிபட வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். அதுக்குப் பிறகு அவவின் கை தானாக ஓடியது. அம்மம்மாவோடு இருந்து எள்ளுருண்டை பிடித்த கை அது. ஒவ்வொன்றும் 25 கிராம் அளவு, தராசே தேவைப்படவில்லை. 44 உருண்டை வந்தது. என்னுடையவை ஆறும் கொழுக்கட்டை மாதிரி இருந்தன என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

குச்சிக்கு என்ன செய்வது? ஈர்க்கு மெல்லிசு, பாரம் தாங்காது. கடைசியில் சந்திக் கடையில் ஐஸ்பழக் குச்சி ஒரு கட்டுக் கிடைத்தது. கரண்ட் இல்லாமல் ஐஸ்பழம் போட ஆளில்லை, அதனால் மலிவாகத் தந்தார்கள்.

இரவு கரண்ட் வந்ததும் உருண்டைகளைப் பிரிட்ஜுக்குள் வைத்தோம். சொக்லேட்டை விறகடுப்பில், சுடுதண்ணிச் சட்டிக்கு மேல் கிண்ணம் வைத்து உருக்கினோம். குக்கிங் சொக்லேட்டில் கொக்கோ பட்டருக்குப் பதில் வேறு தாவர எண்ணெய் சேர்ப்பதால் பெரிய வித்தை தேவையில்லை, தானாக இறுகும். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணி பட்டால் போச்சு, மணல் மாதிரித் திரளும். முதல் கிண்ணம் ஆவி பட்டு அப்படித்தான் போனது. அதைப் பாலில் கரைத்துக் குடித்தோம்.

குச்சி முனையை முதலில் சொக்லேட்டில் தோய்த்துக் குத்த வேண்டும், அதுதான் பசை. அதை விட்ட முதல் நாலும் கிண்ணத்துக்குள் விழுந்தன. உருண்டை மிகக் குளிராகவும் சொக்லேட் மிகச் சூடாகவும் இருந்தால் மேலே வெடிக்கும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. பிரிட்ஜால் எடுத்து ஐந்து நிமிடம் வெளியில் வைத்தபின் வெடிப்பு நின்றது. காய நிறுத்தி வைக்க ரெஜிபோம் இல்லை. அப்பா பின்வளவில் போய் ஒரு வாழைக்குற்றியை வெட்டி வந்து மேசையில் கிடத்தினார். அதில் குத்தி வைத்தபோது ஏதோ கோயில் திருவிழாச் சோடனை மாதிரி இருந்தது.

காலையில் அம்மா பிள்ளையின் தாய்க்குப் போன் எடுத்து நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னா. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பரவாயில்லை அக்கா, வெட்டுறதுக்குக் கத்தியும் தேவையில்லைத்தானே" என்று சிரித்தார்களாம்.

விலையில்தான் எனக்கும் அம்மாவுக்கும் சண்டை. மா, முட்டை, சீனி, சொக்லேட் என்று கொப்பியில் கூட்டி ஒன்று 50 ரூபா என்றா. இரவு ஒரு மணி வரை நின்ற நேரம் எங்கே என்று கேட்டேன். "அது என்ரை கை தானே" என்றா. இருபது வருசமாக அந்தக் கொப்பியில் அம்மாவின் கைக்கு ஒரு வரி கிடையாது. நான் 80 என்று எழுதினேன், அவ வெட்டினா, நான் திரும்ப எழுதினேன். 65 இல் நின்றது.

அடுத்த கிழமை பெட்டி திரும்பி வந்தது. உள்ளே லஞ்ச் சீற்றில் சுற்றி, கழுவிக் காயவைத்த ஐஸ்பழக் குச்சிகள். எண்ணினேன், 41. மிச்ச மூன்றையும் பிள்ளை தரமாட்டன் என்று வைத்துக்கொண்டதாம்.