புள்ளிகளால் தோற்றவர்

இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில், இரவு முழுவதும் இயங்கும் பெற்றோல் நிலையம் ஒன்றில் 2010 ஆம் ஆண்டின் இறுதி தொடக்கம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நான் வேலை பார்த்தேன். பகலில் பட்டப்பின் படிப்பு. வாரத்தில் இரண்டு இரவுகள் இந்தக் காவல். நம் நாட்டிலிருந்து அங்கு படிக்கச் சென்ற பலருக்கு இது புதிய செய்தியன்று. நள்ளிரவுக்குப் பின்னர் கடைக் கதவைப் பூட்டிவிடுவோம். தடித்த கண்ணாடிக்கு உள்ளே நாம், வெளியே வாடிக்கையாளர். காசும் பொருளும் கண்ணாடியின் கீழுள்ள இழுப்புத் தட்டின் வழியாகவே கைமாறும். அக்கண்ணாடிக்கு அப்பால் வந்து நின்ற முகங்களுள் ஒன்றைப் பற்றியே எழுதப் புகுகின்றேன்.

ஒரு சனிக்கிழமை இரவு, மணி ஒன்றுக்கு மேலிருக்கும். இடது கண் பாதி மூடியபடி வீங்கியிருக்க, புருவத்தின் மேல் ஒட்டிய பிளாஸ்ரருடன் ஒருவர் பாலும் பாணும் கேட்டு நின்றார். வயது முப்பதைத் தாண்டியிருக்கலாம். யாரேனும் தாக்கிவிட்டார்களோ என்றெண்ணி, பொலிசாரை அழைக்கட்டுமா என்றேன். அவர் சிரித்தார். தாம் குத்துச்சண்டை வீரர் என்றும், ஐம்பது மைல் தொலைவிலுள்ள ஊரொன்றில் சண்டையிட்டு வருவதாகவும் சொன்னார். "வெற்றி கிடைத்ததா?" என்று மரியாதைக்காகக் கேட்டேன். "வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறேன்" என்றார்.

அம்மறுமொழி எனக்குச் சரியாக விளங்குவதற்குப் பல மாதங்கள் சென்றன.

பகலில் அவர் வீடுகளுக்கு வர்ணம் பூசுபவர். அந்நாளில் அறுபதுக்கு மேற்பட்ட சண்டைகளில் இறங்கியிருந்தார், வென்றவை மூன்று. இத்தகையோரை ஆங்கிலேயர் 'ஜேர்னிமன்' என்பர். பழைய கைவினைச் சங்கங்களின் வழக்கிலிருந்து வந்த சொல் அது. தொழிலைப் பழுதறக் கற்று முடித்தும், சொந்தப் பட்டறை வைக்க வழியின்றிப் பிறரிடம் நாட்கூலிக்கு வேலை செய்பவனை அது குறித்தது. தொழில் தெரியாதவன் என்று அதற்கு ஒருபோதும் பொருளிருந்ததில்லை. குத்துச்சண்டை உலகம் தெரிந்தோ தெரியாமலோ மிகப் பொருத்தமான சொல்லையே எடுத்தாண்டிருக்கிறது.

இத்தொழில் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை அவர் இழுப்புத் தட்டின் மேல் குனிந்து நின்று, பல இரவுகளில், துண்டு துண்டாக எனக்குச் சொன்னார். தொலைக்காட்சியில் நாம் காணும் பெருஞ்சண்டைகள் இதன் உச்சாணிக் கொம்பு மாத்திரமே. அடிமரம் சிறு மண்டபங்களில் இருக்கின்றது. இளம் வீரன் ஒருவன் தொழிலுக்கு வருகிறான். அவனுடைய உறவினரும் நண்பரும் வேலைத்தலத்து ஆட்களும் வாங்கும் ரிக்கற்றுகளே அன்றைய வருமானம். அவன் விற்ற ரிக்கற்றுப் பணத்திலிருந்துதான் அவனுக்கு எதிரே நிற்பவனின் கூலியும் கொடுக்கப்படுகிறது. இளைஞன் வென்றால் அந்தக் கூட்டம் அடுத்த முறையும் வரும், தோற்றால் கலைந்துவிடும். ஆகவே அவன் வெல்ல வேண்டும். ஆனால் சண்டை உண்மையாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டு தேவைகளுக்கும் நடுவே நிற்பதற்காக அழைக்கப்படுபவரே என் நண்பர். நான்கு சுற்றுகளுக்கு ஆயிரம் பவுண் அளவில் கிடைக்கும். முகாமையாளரும் பயிற்சியாளரும் தத்தம் பங்கை எடுத்த பின்னர் எஞ்சுவது அவருடையது.

வெற்றியும் ஒரு பண்டமே என்பதை நான் அக்கண்ணாடியின் பின்னால் இருந்துதான் கற்றேன். பத்துச் சண்டை, பத்து வெற்றி என்று ஓர் இளைஞனின் பெயருக்கு எதிரே அச்சிடப்படும்போது, அந்தப் பத்தையும் உற்பத்தி செய்த உழைப்பு எவருடையது என்பது அதில் குறிக்கப்படுவதில்லை. துணியில் நெய்தவனின் பெயர் இல்லாததைப் போல.

நிற்க, 'காசு வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுப்பவர்' என்று வாசகர் இவரை எண்ணிவிடலாகாது. நானும் ஒருமுறை அவ்வாறு சொல்லிவிட்டு, இரண்டு வாரங்கள் அவருடைய முகத்தைக் காணாதிருந்தேன். தோற்றுவிடு என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையுமில்லை. பிரித்தானியாவில் பட்டத்துக்கான சண்டை அல்லாதவற்றில் நடுவர் ஒருவரே புள்ளியும் இடுகிறார். மண்டபம் முழுவதும் ஒருவனுக்காகக் கூவும்போது, நெருங்கிய சுற்றுகள் எப்பக்கம் சாயும் என்பது தொழிலில் உள்ளோர் அறிந்ததே. எதிரியை நிலத்தில் வீழ்த்தினால் மட்டுமே ஐயமற்ற வெற்றி. அவ்வாறு இரண்டு மூன்று இளைஞர்களை வீழ்த்தியவருக்கு ஏற்பாட்டாளரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வருவது நின்றுவிடும். மறுபுறம், தாமே அடிதாங்காது வீழ்ந்தாலோ, நடுவர் இரங்கிச் சண்டையை நிறுத்தினாலோ, குறைந்தது இருபத்தெட்டு நாட்கள் மேடையேற அனுமதியில்லை. அம்மாதம் உழைப்பில்லை. வெல்லவும் கூடாது, வீழவும் கூடாது. இந்த ஒற்றையடிப் பாதையில், ஆண்டுக்கு இருபது முப்பது தடவை, தம்மை முறியடிக்க வந்த இளைஞர்களுக்கு முன்னால் நடந்து மீள வேண்டும்.

அதற்கு வேண்டிய திறமை சாதாரணமானதன்று. குத்து வரும் திசையில் தலையைச் சிறிது திருப்பி அதன் வேகத்தைக் குறைத்தல், தோளினால் ஏந்துதல், முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்தல், கயிற்றில் சாய்ந்து பத்துக் குத்துகளைக் கையுறையில் வாங்கி ஒன்றை மாத்திரம் உடலில் விடுதல், மூச்சு வாங்க வேண்டிய கணத்தில் எதிரியை அணைத்துப் பிடித்தல். அணைத்தபடியே அவனுடைய காதில், "கையை உயர்த்து தம்பி, தாடை திறந்திருக்கிறது" என்று சொல்லிக் கொடுப்பதும் உண்டாம். கூலி கொடுத்து வைத்த ஆசிரியன் என்று இதனைச் சொல்லலாம். மாணவனிடம் அடிவாங்குவதும் இந்த ஆசிரியனின் கடமைகளுள் ஒன்று.

இத்துறையின் பெரியவர் என்று அவர் போற்றியவர் பேர்மிங்ஹாம் நகரத்துப் பீற்றர் பக்லி. 1989 இல் தொடங்கி 2008 ஒக்ரோபர் 31 இல் ஓய்வு பெற்றவர். சண்டைகள் 300, தோல்வி 256, வெற்றி 32, சமநிலை 12. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற நசீம் ஹமெட்டை 1992 இலும் 1994 இலும் எதிர்கொண்டவர். கடைசிச் சண்டைக்கு முன் ஐந்து ஆண்டுகள் ஒரு வெற்றியேனும் காணாதிருந்து, முந்நூறாவதில் வென்று விடைபெற்றார். தோல்விகளுள் பத்தே பத்தில்தான் இடைநடுவே நிறுத்தப்பட்டிருக்கிறார் என்பதை என் நண்பர் ஒரு மந்திரம் போலச் சொல்வார். பக்லிக்குத் தொழிலில் வழங்கிய பட்டப்பெயர் 'பேராசிரியர்'. இம்மலரின் வாசகர்கள் பொறுத்தருள்க.

நான் நாடு திரும்பிய பின்னரும் இவ்வரிசை தொடர்ந்தது. கிழக்கு இலண்டனைச் சேர்ந்த ஜோனி கிறீவ்ஸ் 2013 இல் தம் நூறாவது சண்டையோடு விலகினார். தொண்ணூற்றாறு தோல்வி, நான்கு வெற்றி. கிறிஸ்தியன் லெயிற் 2018 இல் 300 சண்டைகளை நிறைவு செய்தார். அவற்றுள் 279 தோல்வி. இவ்வெண்களை வேடிக்கைச் செய்தியாக வெளியிடும் பத்திரிகைகள் உண்டு. 'உலகின் மிக மோசமான வீரர்' என்று தலைப்பிடுவோரில் எத்தனை பேர் ஒரு சுற்று முழுவதும் அவர்களுக்கு முன்னால் நின்று பிடிப்பார்கள் என்பது தெரியவில்லை.

2012 இன் வசந்த காலத்தில் அவர் என்னைத் தம்முடன் யோர்க் ஹோலுக்கு அழைத்துச் சென்றார். பெத்னல் கிறீனில், 1929 இல் பொதுக் குளிப்பகமாகத் திறக்கப்பட்ட கட்டடம் அது. ஆயிரத்து இருநூறு பேரளவில் கொள்ளும். மாடியில் இருப்பவருக்கும் மேடை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். என் நண்பர் முதலில் வந்தார். இசையில்லை, விளக்கில்லை, தம் கையாலேயே கயிற்றைத் தாழ்த்தி உள்ளே புகுந்தார். பின்னர் இசை முழங்க அந்த இளைஞன் வந்தான். அவன் பெயர் பொறித்த சட்டையணிந்த கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. எனக்கு இரண்டு வரிசை முன்னால் அவனுடைய தாய் இருந்தாள். கைப்பையை மார்போடு அணைத்தபடி, மேடையைப் பாராமல், நிலத்தையே பார்த்திருந்தாள்.

மூன்றாம் சுற்றில் நிகழ்ந்ததை என்னால் மறக்க இயலாது. இளைஞன் அவசரப்பட்டு இடது கையைத் தாழ்த்தினான். அந்த இடைவெளியில் என் நண்பரின் வலது கை சென்றது. அவருக்கே தெரியாமல் சென்றதோ என்னவோ. இருபது ஆண்டுப் பழக்கம் சிந்தனைக்குக் காத்திருப்பதில்லை. இளைஞனின் முழங்கால்கள் இளகின. இன்னொரு குத்துப் போதும். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் ஓரடி முன்வைத்து, இரு கைகளாலும் அவனை அணைத்துப் பிடித்தார். களைத்துப்போன கிழவன் ஒருவன் இளைஞன்மேல் சாய்ந்து இளைப்பாறுவதுபோலவே அது தோன்றியது. கூட்டம் அவரைப் பார்த்து ஊளையிட்டது. உண்மையில் யார் யாரைத் தாங்கி நின்றார் என்பது அந்த மண்டபத்தில் மூன்று நான்கு பேருக்கே தெரிந்திருக்கும். நடுவர் வந்து பிரிப்பதற்குள் இளைஞனின் கால்கள் உறுதி பெற்றுவிட்டன. முடிவில் நாற்பதுக்கு முப்பத்தாறு. இளைஞனின் கை உயர்த்தப்பட்டது. அப்போதுதான் தாய் நிமிர்ந்தாள்.

திரும்பும் வழியில், ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு வேலை இருக்கிறது" என்றார். சிறிது நேரம் கழித்து, "பையன் நூற்றைம்பது ரிக்கற் விற்றிருக்கிறான்" என்றார். அவ்வளவுதான்.

அன்றிரவு என் உள்ளத்தில் எழுந்த பெருமிதத்தை இன்று நினைக்கச் சற்று நாணமாக இருக்கின்றது. பற்றற்ற செயலைக் கண்ணாரக் கண்டேன் என்று எண்ணினேன். மறுநாள் வேலைக்கு வந்ததும் நிலையத்தில் என்னோடு நின்ற அண்ணையிடம் விரிவாகச் சொன்னேன். வடமராட்சியில் பல காலம் கணித ஆசிரியராக இருந்து, அகதியாக வந்து, ஐம்பது வயதில் பெற்றோல் விற்றவர் அவர். சிகரெட்டுப் பெட்டிகளை அடுக்கியபடியே கேட்டிருந்துவிட்டுச் சொன்னார்: "தோக்கிறதுக்குக் காசு வாங்கிறவரை ஞானியாக்காதை தம்பி. அவர் பாவம், பிழைப்பு. ஆனா அந்தப் பொடியனை ஆர் யோசிச்சது? தான் வெண்டதெண்டு நினைச்சுக்கொண்டு போறான். பத்துச் சண்டை கழிய, கட்டிப்பிடிக்காத ஒருத்தன் முன்னுக்கு வருவான்."

என்னிடம் விடையிருக்கவில்லை. பொய்யான விடைத்தாளுக்குப் புள்ளியிட மறுத்த ஓர் ஆசிரியரின் குரல் அது. அணைப்பு அந்த இளைஞனைக் காத்தது. அதே அணைப்பு, தன் தாடை திறந்திருந்ததை அவன் அறியாதபடியும் செய்தது. இரண்டும் உண்மை.

அண்ணையின் கேள்வி என்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொண்டுசென்றது. படிக்க வேண்டிய பாடத்தை விட்டு இதனைத் தேடினேன். 1928 இல் அமெரிக்க மருத்துவர் ஹரிசன் மார்ட்லன்ட் குத்துச்சண்டையாளரின் மூளைக் கேட்டினை முதன்முதலாக மருத்துவ உலகுக்கு விவரித்தார். பிரித்தானியாவில் 1969 இல் வெளிவந்த றொபேட்ஸ் என்பவரின் ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட 224 முன்னாள் வீரருள் 37 பேரிடம் நரம்பு மண்டலப் பாதிப்புக் காணப்பட்டது. எத்தனை ஆண்டுகள், எத்தனை சண்டைகள் என்பது ஏற ஏறப் பாதிப்பும் ஏறியது. நான் நெடுநேரம் நின்ற இடம் இதுதான். என் நண்பரின் கலை முழுவதும் வீழாமல் இருப்பதற்கானது. வீழாமையே அவரை அடுத்த வாரமும் மேடையேற்றியது. பெருங்குத்துகளைத் தவிர்த்தவர் சிறுகுத்துகளை நூற்றுக்கணக்கில் சேமித்துக்கொண்டிருந்தார். கையுறையிலும் தோளிலும் ஏந்தியவை போக எஞ்சியதைத் தலை கணக்கு வைத்திருக்கும். நடுவரின் புள்ளிக்கும் அந்தக் கணக்குக்கும் தொடர்பில்லை.

அதன் பின்னர் அவரைப் பார்க்கும் என் பார்வை மாறிற்று. காசைத் தட்டில் வைத்துவிட்டுப் பாலை எடுக்காமலே போன இரவு ஒன்று. என் ஊரில் கடல் இருக்கிறதா என்று கேட்டு, நான் விடை சொல்லி, பத்து நிமிடத்துக்குள் மீண்டும் அதையே கேட்ட இரவு ஒன்று. உறக்கம் குறைந்த எவருக்கும் இவ்வாறு நேரலாம், எனக்கே நேர்ந்திருக்கிறது. ஆண்டுதோறும் மூளையைப் படமெடுத்த பின்னரே அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படும் என்றும், தம் படம் தெளிவாக வந்தது என்றும் அவர் சொல்லியிருந்தார். படத்தில் தெரியாத கேடுகளும் உண்டென்பதை நான் வாசித்திருந்தேன்.

அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன தகுதி, மருத்துவனா நான் என்று அப்போது என்னைத் தேற்றிக்கொண்டேன். வேறு காரணமும் இருந்தது. சொன்னால் முன்போல இரண்டு வாரம் வராமலிருப்பார். ஒருவேளை வராமலே விட்டுவிடுவார். அந்த நீண்ட இரவுகளில் அவருடைய கதைகள் எனக்கு வேண்டியிருந்தன. அவரை வைத்து என்றோ ஒருநாள் ஒரு கட்டுரை எழுதலாம் என்ற எண்ணமும் அப்போதே முளைவிட்டிருந்தது. ரிக்கற் வாங்கிக்கொண்டு வந்து அமர்ந்த ஆயிரத்து இருநூறு பேரைவிட நான் எவ்வகையில் மேலானவன் என்று இதனை எழுதும்போது கேட்டுக்கொள்கின்றேன்.

2012 செப்ரெம்பரில் என் கடைசி இரவுப் பணியின்போது அவர் வந்தார். நாடு திரும்புகிறேன் என்றதும் வியந்தார். முந்திய வாரமே அவரிடம் சொல்லியிருந்தேன். விதியை மீறிக் கதவைத் திறந்து வெளியே வந்து கைகொடுத்தேன். கண்ணாடியில்லாமல் அவரை அந்த நிலையத்தில் கண்டது அன்றுதான். நான் எண்ணியிருந்ததைவிடக் குள்ளமானவர். அவருடைய கை என் கையைவிட மென்மையாக இருந்தது. சொல்ல வேண்டியதை அப்போதும் சொல்லவில்லை.

வீரர்களின் சண்டைப் பதிவுகளை இன்று எவரும் கணினியில் பார்க்கலாம். அவருடைய பக்கத்தை அவ்வப்போது திறந்து பார்ப்பதுண்டு. நான் வந்த பிறகு மேலும் நாற்பத்தொரு சண்டைகள். கடைசி வரி 2014 நவம்பருக்குரியது. நான்கு சுற்றுகள், நாற்பதுக்கு முப்பத்தாறு, புள்ளிகளால் தோல்வி.