எந்த ஆய்வு?

மார்ச் 4, செவ்வாய்

இரண்டாமாண்டு தொடர்பியல் தாள்கள், மொத்தம் 58. நினைத்ததை முடித்துத் தரக்கூடிய ஒருவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி அவரை இணங்க வைக்க வேண்டும். கருத்து, ஆதாரம், அமைப்பு, மொழி, ஒவ்வொன்றுக்கும் 5.

இரவு பத்துக்குள் 23 தாள் முடிந்தது. அதில் ஒன்பது ‘இன்றைய நவீன உலகில்’ என்றுதான் தொடங்குகின்றன. பிளாஸ்டிக்கை எதிர்த்து எழுதியவர்களே அதிகம். யாருக்கு எழுதினாய் என்றால், சமுதாயத்துக்காம். எந்தத் தபால்காரர் கொண்டுபோய்க் கொடுப்பார்? 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. சாம்பாரை இன்னும் ஏன் கவரில் கட்டுகிறீர்கள் என்று கேன்டீன்காரருக்கு ஒருத்தியாவது எழுதியிருக்கலாம். ‘ஆய்வுகள் கூறுகின்றன’ வரும் இடமெல்லாம் ‘எந்த ஆய்வு?’ என்று எழுதி விரல் வலிக்கிறது.

மார்ச் 5, புதன்

நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்கள் தாள் திருத்த இன்றும் உதவுகின்றன. ஓரத்தில் ‘ம.வி.’ என்றால் மற்றொன்று விரித்தல், ‘செ.தே.’ என்றால் சென்று தேய்ந்து இறுதல்.

பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கும் பெண், குடிநீர் கேட்டு ஆட்சியருக்கு எழுதியிருக்கிறாள். அடுக்குமொழி அருவியாய்க் கொட்டுகிறது. ஆனால் எந்தத் தெரு, என்ன செய்ய வேண்டும், இரண்டும் இல்லை. 3, 3, 5, 5. மொத்தம் 16.

அடுத்த தாள் பஸ் டிப்போ கிளை மேலாளருக்கு. ‘நிருத்தம்’ என்றே எழுதுகிறாள். ஐந்து நாள் நின்று எண்ணியிருக்கிறாள்: 8.10 டவுன் பஸ் மூன்று நாள் நிற்கவில்லை. அந்த நாட்களில் காத்திருந்தவர்கள் 14, 17, 11 பேர். வண்டி பிதுங்கி வருவது தெரியும், ஓட்டுநரைக் குறை சொல்லவில்லை என்கிறாள். 8.50 வண்டி பாதி காலியாக வருகிறதாம். அதை இருபது நிமிடம் முன்னால் விட்டால் போதுமாம்.

பேசுபவரின் நம்பகம், கேட்பவரின் மனநிலை, தர்க்கம் என்று அரிஸ்டாட்டிலை நான் நடத்தியபோது கடைசி பெஞ்சில் கொட்டாவி விட்டவள் இவள். மூன்றும் இந்த ஒரு பக்கத்தில் இருக்கின்றன. ஓட்டுநரை விட்டுக்கொடுக்காத அந்த ஒரு வரிக்கே மேலாளர் மேற்கொண்டு படிப்பார். 5, 5, 2, 1. மொத்தம் 13.

கூட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். இந்த அட்டவணையைப் போட்டதும் நான்தான்.

மார்ச் 7, வெள்ளி

அறிவித்த அளவுகோலை நடுவில் மாற்றினால் மற்ற 57 பேருக்கு அநியாயம். 13 அப்படியே நிற்கட்டும். அடுத்த பணியில் ‘யாருக்கு, என்ன கேட்கிறாய்’ என்பதற்கு 8; மொழிக்கு 2 தாராளம். கோப்பைக்காரி சண்டைக்கு வருவாள், வரட்டும்.

வகுப்பு முடிந்து பஸ் கடிதம் எழுதியவளைக் கூப்பிட்டேன்.

“இதை டிப்போவுக்கு அனுப்பினியாம்மா?”

“அசைன்மென்ட்தானே மேம்?”

“அனுப்பேன்.”

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நிறுத்தத்துக்கு வல்லின றவா மேம்?” என்று கேட்டு, என் சிவப்புப் பேனாவையே வாங்கி, மேசை ஓரத்தில் நின்றபடி திருத்தினாள். ஆறு இடம். நான் ஐந்துதான் பார்த்திருந்தேன்.