ஓடுகிற எஞ்சின்

பெரும்பாக்கத்தில் எங்கள் தெருவிலிருந்து சற்று நடந்தால் சதுப்பு நிலத்தின் ஓரம் வந்துவிடும். விடியற்காலையில் நீர்ப்பறவைகளின் குரலுக்கு நடுவே சில நாட்களில் தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானத்தின் ஓசையும் கேட்கும். அங்கே இருப்பது விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பள்ளி. 1948இல் அம்பாலாவில் தொடங்கப்பட்டு, 1954இல் தாம்பரத்துக்கு வந்தது. இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் எதிர்வீட்டுப் பெரியவர். விமானப்படையில் எஞ்சின் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்லூரியில் யாப்பும் அணியும் நடத்திக்கொண்டிருக்கும் எனக்கு அதுவரை விமானத்தைப் பற்றித் தெரிந்திருந்தது, அது பறக்கும் என்பது மட்டுமே.

2016 ஜூலை 22ஆம் தேதி தாம்பரத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 விமானம் வங்கக் கடலின் மேல் மறைந்துபோனது. அந்த நாட்களில் எங்கள் பகுதியில் வேறு பேச்சே இல்லை. நான் பெரியவரிடம் ஒரு அசட்டுக் கேள்வி கேட்டேன். "ரெண்டு எஞ்சின் இருக்கே சார், ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு இருக்குமே?"

அவர் உடனே கையை உயர்த்தித் தடுத்தார். "அந்த விமானத்துக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம நாம பேசக் கூடாதும்மா. ஆனா நீ கேட்டது பொதுவான கேள்வி. அதுக்குப் பதில் இருக்கு" என்று சொல்லிவிட்டு, "மாட்டு வண்டியில போயிருக்கியா?" என்று கேட்டார்.

இரட்டை மாட்டு வண்டியில் இடது பக்கத்து மாடு திடீரென்று கால் மடங்கிப் படுத்துவிட்டால் வண்டி என்ன ஆகும்? வலது மாடு இழுத்துக்கொண்டே இருப்பதால் வண்டி இடது பக்கமாகத் திரும்பும். வலது மாட்டை இன்னும் விரட்டினால் இன்னும் வேகமாகத் திரும்பிக் குடை சாயும். இறக்கைக்கு ஒன்றாக எஞ்சின் பொருத்திய சிறிய விமானத்தின் கதையும் அதுதான். ஒன்று நின்றதும் விமானத்தின் மூக்கு நின்ற பக்கம் திரும்புகிறது. அந்தப் பக்கத்து இறக்கை தாழ்கிறது. விமானி எதிர்ப்பக்கத்துக் காலால் சுக்கானை மிதித்து நேராக்க வேண்டும். ஓடுகிற எஞ்சின் பக்கமாகச் சில பாகை சாய்த்துப் பிடிக்க வேண்டும். நின்ற பக்கத்துப் புரொப்பெல்லரின் இதழ்களைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்பிவிட வேண்டும். இல்லையென்றால் அது காற்றைத் தடுக்கும் பலகையாகிவிடும்.

"பாதி பலம் போனா பாதிதானே நஷ்டம்?" என்றேன்.

"உன் வீட்டுல ரெண்டு பேர் சம்பாதிக்கறீங்க. ஒருத்தர் சம்பளம் நின்னா வருமானம் பாதியாகும். சேமிப்பும் பாதியாகுமா, மொத்தமாப் போகுமா?"

விமானம் உயரம் குறையாமல் பறப்பதற்கே விசையில் பெரும் பங்கு செலவாகிறது. மேலே ஏற உதவுவது அதற்கு மிஞ்சிய விசை மட்டுமே. ஆகவே இரண்டில் ஒரு எஞ்சின் நின்றால், ஏறும் திறனில் 80 சதவீதமும் அதற்கு மேலும் போய்விடுகிறது. வெயில் நாளில், முழுச் சுமையோடு, சில சிறிய விமானங்கள் ஏறவே ஏறா.

வேகமானியில் இரண்டு கோடுகள் போட்டிருப்பார்கள் என்றார். ஒன்று நீலம். ஒற்றை எஞ்சினோடு மிக நன்றாக ஏறக்கூடிய வேகம் அது. இன்னொன்று சிவப்பு. ஒரு எஞ்சின் நின்று மற்றது முழு விசையில் இழுக்கும்போது, வேகம் சிவப்புக்குக் கீழே போனால் சுக்கானுக்கு விமானத்தை நேராக நிறுத்தும் வலு இருக்காது. விமானம் நின்ற பக்கமாகப் புரண்டுவிடும். அந்த நிலையில் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் என்னைத் திகைக்க வைத்தது. ஓடுகிற எஞ்சினின் விசையைக் குறைக்க வேண்டும். மூக்கைத் தாழ்த்தி, இருக்கும் உயரத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து, வேகத்தைத் திரும்பப் பெற வேண்டும். தரை நெருங்கி வரும்போது மனித மனம் கெஞ்சுவதோ இதற்கு நேர் எதிரானதை. மூக்கைத் தூக்கு, முழு பலத்தோடு இழு என்றுதான் அது சொல்லும்.

"இதெல்லாம் தெரிஞ்சவங்களுக்குமா சார் விபத்து நடக்குது?" என்று கேட்டேன். அவர் சரஸ் விமானத்தைப் பற்றிச் சொன்னார். பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய, பதினான்கு பேர் அமரக்கூடிய சிறிய இரட்டை எஞ்சின் விமானம். அதன் இரண்டாவது மாதிரி 2009 மார்ச் 6ஆம் தேதி சோதனைக்காகப் பறந்தது. ஒரு எஞ்சினை வேண்டுமென்றே வானில் நிறுத்தி மீண்டும் இயக்கிப் பார்ப்பது அன்றைய சோதனைகளில் ஒன்று. விமானம் பிடதிக்கு அருகே விழுந்தது. விங் கமாண்டர்கள் பிரவீண் கோட்டெகொப்பா, தீபேஷ் ஷா, ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா ஆகிய மூவரும் இறந்தார்கள். வடிவமைப்பாளர்கள் வகுத்த மறு இயக்க முறை தவறானது, அதைப் போதிய உயரம் இல்லாத நிலையில் கையாண்டார்கள் என்பது விசாரணையின் முடிவு. தேர்ந்தெடுத்த சோதனைக் குழுவினர் அவர்கள். "நின்னதைத் திரும்பக் கிளப்பறதுக்கும் ஒரு உயரம் வேணும்மா" என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இரவுச் சமையலைக் கவனித்தேன்.

2018ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு காலை, என் கணவர் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்தது. அவருக்கு வயது நாற்பத்து நான்கு. வலது கையும் காலும் விழுந்தன, பேச்சு குழறியது. மூன்று வாரங்களுக்குப் பிறகு வீட்டுக்கு அழைத்துவந்தோம். அன்றிலிருந்து நான் இழுக்கத் தொடங்கினேன்.

விடியலில் அவருக்கு உடற்பயிற்சி, பகலில் கல்லூரி, மாலையில் இரண்டு குழுக்களுக்குத் தனிப்பயிற்சி, இரவில் விடைத்தாள். வங்கி அட்டை, வீட்டுக் கடன், பையனின் பள்ளி என்று எல்லாம் என் கைக்கு வந்தன. யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஐந்தாவது மாதமே அவரை அலுவலகத்துக்கு அனுப்பினேன். பழையபடி ஆகிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்குத்தான், அவருக்கு அல்ல. மதியத்துக்குள் திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு பயிற்சிக்கும் எழ மறுத்தார்.

ஒரு மாலை பையன் மதிப்பெண் அட்டையை எடுத்துக்கொண்டு வழக்கம்போல் அப்பாவிடம் போனான். அவர் இடது கையால் பேனாவை வாங்கினார். எழுத்து கோணும், நேரமாகும் என்று நான் அதைப் பிடுங்கி என் கையெழுத்தைப் போட்டேன். முழுதாக ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் மூன்று நாட்கள் யாரும் யாரோடும் பேசவில்லை.

நாலாம் நாள் பெரியவர் இவரைப் பார்க்க வந்தார். வாசலில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நின்ன மாட்டாலே வண்டி கவிழறதில்லம்மா. ஓடற மாடு இழுக்கற இழுப்பாலதான் கவிழும்."

2015 பிப்ரவரி 4ஆம் தேதி தைபேயில் கிளம்பிய ஒரு பயணிகள் விமானத்தைப் பற்றிப் பின்னர் படித்தேன். ஒரு எஞ்சின் விசையிழந்தது; தலைமை விமானி பதற்றத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்திவிட்டார். ஆற்றில் விழுந்து 43 பேர் இறந்தார்கள். அதனால்தான் பயிற்சியில், எதையும் நிறுத்துவதற்கு முன் எந்தக் கால் சும்மா இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறார்கள். அந்தப் பக்கத்து எஞ்சின்தான் நின்றது. பிறகு அதன் விசைக் கம்பியை மெல்லப் பின்னுக்கு இழுத்து, எதுவும் மாறவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். படித்தபோது வயிறு கலங்கியது. எங்கள் வீட்டில் நான் நின்றுபோனதாக முடிவுகட்டிய பலவும் நின்றிருக்கவில்லை. அவருடைய கணக்கு நிற்கவில்லை. பையனோடு அவர் கொண்டிருந்த பேச்சு நிற்கவில்லை. நான்தான் சரிபார்க்காமல் நிறுத்தினேன்.

தனிப்பயிற்சி வகுப்புகளை விட்டேன். மூன்றாம் மாடி வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, அதே தெருவில் தரைத்தளத்தில் இரண்டு அறை வாடகை வீட்டுக்கு வந்தோம். உறவினர்கள் அதை வீழ்ச்சி என்றார்கள். நாங்கள் விட்டுக்கொடுத்த உயரம் அது. படி இல்லாததால் அவர் தானாகவே தெருவுக்கு இறங்கினார். அங்கிருந்து பெரியவர் வீட்டுத் திண்ணை வரைக்கும், பிறகு சதுப்பு நிலம் வரைக்கும்.

உவமையை அளவுக்கு மீறி நீட்டுவது தவறு என்று மாணவர்களுக்குச் சொல்பவள் நான். மனிதர் எஞ்சின் அல்லர். நின்ற எஞ்சின் தன்னைச் சுமை என்று நினைத்து இரவில் அழுவதில்லை. ஆனாலும் அந்தச் சிவப்புக் கோடு எல்லா வீட்டிலும் இருக்கிறது என்றே நினைக்கிறேன். பலசாலிக்குத்தான் அது கண்ணில் படுவதில்லை.

கடலுக்குள் 3,400 மீட்டர் ஆழத்தில் அந்த ஏஎன்-32இன் சிதைவுகள் கிடைத்த செய்தி 2024 ஜனவரியில் வந்தது. அதைக் கேட்கப் பெரியவர் இல்லை. முந்தைய ஆண்டே போய்விட்டார். செய்தித்தாளை என் கணவர்தான் மெதுவாக, சொல் சொல்லாக எனக்குப் படித்துக் காட்டினார். அன்று பையனின் பன்னிரண்டாம் வகுப்புப் படிவம் ஒன்றில் பெற்றோர் கையெழுத்து வேண்டியிருந்தது. இடது கையால் போட்டார். கோணல்தான். நான் சமையலறையிலேயே நின்றுகொண்டேன்.