மிசூரிப் பயணம் – 6: துறையடி மீன்

ஓசார்க்ஸ் ஏரியில் கரை நெடுக வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே தண்ணீரில் மிதக்கும் ஒரு படகுத்துறை. ஒசேஜ் ஆற்றை மறித்து மின்சாரத்துக்காக ஒரு தனியார் நிறுவனம் கட்டிய பாக்னெல் அணை 1931-ல் முடிந்தது. அதனால் கரையில் பெரும்பகுதி தனியார் சொத்தாகிவிட்டது. ஓடைகள், பள்ளத்தாக்குகள் எல்லாவற்றிலும் நீர் ஏறி நிற்பதால் கரையின் நீளம் மட்டும் சுமார் 1,150 மைல்.

இந்தத் துறைகளின் அடியில்தான் கிராப்பி மீன் குடியிருக்கிறது. மிதவைகளில் படியும் பாசியை நாடிப் பொடிமீன் வரும். பொடிமீனை நாடிக் கிராப்பி வரும். கோடை வெயில் ஏறினால் நிழலைவிட்டு அது நகர்வதே இல்லை. துறையில் கால் வைக்காமல், படகில் இருந்தபடி அதன் அடியில் தூண்டில் போடுவது இங்குள்ள வழக்கம். ஒருநாள் மீன்பிடி அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, உள்ளூர் வழிகாட்டி ஒருவரின் படகில் ஏறினேன்.

பல துறைகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்தார். பழைய துறை ஒன்றின் அருகே மோட்டாரை நிறுத்தினார். கைப்பிடிக் கம்பியில் தூண்டில் செருகும் குழாய்கள், தண்ணீரைப் பார்த்துத் தொங்கும் ஒரு விளக்கு. “இந்த வீட்டுக்காரர் மீன்பிடிக்கிற ஆள். கீழே மரக்கிளை கட்டி இறக்கியிருப்பார்” என்றார். கிளைகளுக்குள் மீன் ஒண்டுமாம்.

துறைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளிகூட இல்லை. தலைக்கு மேலே கோலைச் சுழற்றி வீச இங்கே வழியில்லை. ஐந்தரை அடிக் கோல். நான்கு பவுண்டு தாங்கும் மெல்லிய தங்கூஸ் நரம்பு. நுனியில் ஒன்றிரண்டு கிராம் எடையுள்ள ஜிக், அதாவது ஈயத் தலையோடு முள் பொருத்திய போலி இரை. ரீலின் கம்பி வளையத்தைத் திறந்து, நரம்பை ஆள்காட்டி விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். முள் விரலில் ஏறாதபடி ஜிக்கின் ஈயத் தலையை இடக்கையால் பிடித்துப் பின்னால் இழுக்க, கோல் வளைகிறது. கோல் நுனி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். ஜிக்கை விட்ட மறுகணம் நரம்பையும் விட்டால், குளத்தில் ஓட்டாஞ்சில்லு தத்துவது போல ஜிக் தத்தித் தத்தி இருட்டுக்குள் போய்விடும். நுனி சற்று உயர்ந்தாலும் ஜிக் பலகையில் மோதி நிற்கும்.

பிறகு கையை ஆட்டாமல் நரம்பையே பார்க்க வேண்டும். கிராப்பிக்குக் கண் மேல்நோக்கி அமைந்திருக்கிறது. இரையைக் கீழிருந்து ஏறி வந்து கவ்வும். அதனால் கடித்ததும் நரம்பு விறைக்காமல் சில சமயம் தொய்ந்துவிடும். எனக்கும் அப்படித்தான் தொய்ந்தது. “சுண்டாதீங்க, சும்மா சுத்துங்க” என்றார். வந்த மீனின் வாயோரத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தபோது காரணம் விளங்கியது: ஒளி ஊடுருவும் மெல்லிய சவ்வு அது. சுண்டினால் கிழிந்து, முள் மட்டும் திரும்பி வரும்.

வெள்ளி உடம்பில் கரும்புள்ளி சிதறிய அந்த மீனை அவர் அளவுப் பலகையில் வைத்தார். 9 அங்குலத்துக்குக் குறைந்தால் திரும்ப விட்டுவிட வேண்டும். ஓர் ஆள் ஒரு நாளில் 15-க்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. என் மீன் கோட்டைத் தாண்டியிருந்தது.

அடுத்த வாரம் இதே ஒசேஜ் ஆற்றில் மேலே, ராணுவப் பொறியாளர்கள் கட்டிய ட்ரூமன் ஏரிக்கு. அங்கே கிராப்பிக்கு வீடு, நீரில் மூழ்கியும் விழாமல் நிற்கும் பட்ட மரங்கள்.

(பயணம் தொடரும்)