லாரிக்கும் இருமல் உண்டு!

நடுநிசியில் உங்கள் வீட்டு வாசலைத் தாண்டி ஒரு லாரி, 'தட தட' என்று தெருவையே எழுப்பிக்கொண்டு போயிருக்கும். நீங்களும் புரண்டு படுத்து, "சைலன்ஸர் இல்லாத சனியன்!" என்று அதற்கு ஓர் அர்ச்சனை செய்திருப்பீர்கள். செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு சங்கதி. அந்தச் சத்தத்தால் உங்களுக்கு நஷ்டம் ஐந்து நிமிஷத் தூக்கம். லாரிக்குள்ளே உட்கார்ந்திருக்கும் ஆசாமிகளுக்கு நஷ்டம் அதைவிடப் பெரியது.

இதை நான் கண்ணால் கண்டது தர்மபுரி ஜில்லாவில். பாலக்கோடு தக்காளிச் சந்தையைப் பற்றி எழுதப் போயிருந்தேன். திரும்பும்போது, சேலத்துக்குக் காலியாகப் போகும் லாரி ஒன்றில் இடம் கிடைத்தது. இருபது வயசு தாண்டிய லாரி. ஓட்டியவருக்கு ஐம்பது வயசிருக்கும். கிளீனர், அவருடைய அக்காள் மகன். அதியமான்கோட்டையை நெருங்கும்போது லாரியின் சத்தம் பொறுக்க முடியாமல் போகவே, நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறை ஒன்றில் நிறுத்தினார்.

"சத்தம்தான் மேஸ்திரி. ஒரு தகரத்தைச் சுத்தி கிளாம்பு போட்டு விடுங்க. காலையிலே சேலத்துல லோடு ஏத்தணும்" என்றார் டிரைவர்.

மேஸ்திரி லாரியைப் பார்க்கவில்லை. கிளீனர்ப் பையனைப் பார்த்தார். "ஏன்டா, தலை வலிக்குதா?"

"தெனமும் வலிக்குது தாத்தா. வாந்தி வர மாதிரியும் இருக்கும். வண்டியை விட்டு எறங்கிக் கொஞ்சம் நடந்தா சரியாப் போயிடுது."

"கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சேன். கண்ணாடி போட்டுடலாம்னு இருக்கேன்" என்றார் மாமா.

மேஸ்திரி கேபினில் ஏறி, கால்மிதியைத் தூக்கிக் காட்டினார். கியர் கம்பியைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்திருந்தது. கிழிசலின் ஓரமெல்லாம் கண்மை தீட்டியது போல் கரி. எஞ்சினிலிருந்து புகைக் குழாய் புறப்படும் இணைப்பில் கசிந்த புகை, அந்த வழியாகத்தான் மேலே வந்து கொண்டிருந்தது.

டீசல் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு உண்டு. நிறமில்லை, மணமில்லை. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் பிரியத்தோடு இதைக் கட்டிக்கொள்ளும். பெட்ரோல் எஞ்சினைவிட டீசல் எஞ்சினில் இது குறைவுதான். ஆனால் கதவை மூடி, எஞ்சினை ஓட விட்டு, உள்ளேயே படுத்துத் தூங்குகிறவனுக்கு அந்தக் குறைவு எவ்வளவு ஆறுதல் தரும்? போதாததற்கு, டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அது சரி, நெருப்பாய்க் கொதிக்கிற குழாய்க்குத் துரு எங்கிருந்து வருகிறது என்கிறீர்களா? ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது! ஓடும்போது அது பறந்துவிடும். வண்டி நின்று குழாய் குளிர்ந்ததும் உள்ளேயே வியர்த்துத் தங்கும். போதும் துருவுக்கு. இன்னொரு காரணமும் உண்டு. எஞ்சின் தன் ரப்பர்க் கட்டைகளின் மேல் ஆடுகிறது. குழாயோ சட்டத்தில் தொங்குகிறது. தொங்கவிடும் பட்டை அறுந்துவிட்டால், சைலன்ஸரின் பாரம் முழுதும் இணைப்பின் தலையில் விழும். போல்ட்டு தளரும், கேஸ்கட் வெந்து போகும்.

டிரைவர் முதலாளிக்குப் போன் செய்தார். ஒரு ராத்திரி வண்டி நின்றால் லோடு போய்விடுமே என்று அங்கே ஆட்சேபம். மேஸ்திரி போனை வாங்கினார். "உங்க வண்டி இனிமேத்தான் தொப்பூர் கணவாயிலே எறங்கணும், தெரியுங்களா?" என்று மட்டும் கேட்டார். மறுமுனையில் பேச்சு நின்றது.

தொப்பூர் இறக்கத்தை அந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் பல வண்டிகள் ஒன்றோடொன்று மோதி உயிர்கள் போன இடம் அது. அந்த லாரியில் 'எக்ஸாஸ்ட் பிரேக்' இருந்தது. புகைக் குழாய்க்குள் ஒரு மூடி. இறக்கத்தில் அதை மூடினால், புகை வெளியேற வழியின்றி எஞ்சின் முக்கும். அந்த முக்கலே வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கும். சக்கரங்களின் பிரேக் சூடேறிக் கைவிடாமல் காப்பாற்றும். மூடிக்கு முன்னாலுள்ள இணைப்பில் ஓட்டை இருந்தால்? பொத்தல் பலூனை ஊதிப் பாருங்கள், தெரியும்.

முதலாளி சம்மதித்தார். வைத்தியம் ஆரம்பமாயிற்று.

துருப் பிடித்த நட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மெல்லிய எண்ணெய் விட்டு ராத்திரி முழுதும் ஊற வைத்தார் மேஸ்திரி. காலையில் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, டீசல் குழாய்களை ஈரச் சாக்கால் மூடிவிட்டு, கேஸ் நெருப்பில் நட்டைச் சிவக்கக் காய்ச்சினார். சூட்டில் நட்டு விரியும், பிடி விடும். உடனே கழற்றிவிடாமல், கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று தாஜா செய்தார். நான்கில் மூன்று வந்தன. நான்காவது ஸ்டட் முறிந்தது. முறிந்த முனையில் வேறொரு நட்டை வெல்டிங் வைத்துத் திருகினார், சுருதியாய் வந்துவிட்டது!

பழைய கேஸ்கட்டைச் சுரண்டுமுன் அதன்மேல் தண்ணீர் தெளித்தார். பழைய காலத்துச் சரக்கில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பிறகு இணைப்பின் முகத்தில் ஓர் இரும்பு ஸ்கேலை வைத்து, மேடு பள்ளம் பார்த்து அரத்தால் ராவினார். கோணல் முகத்தில் எத்தனை புதுக் கேஸ்கட் வைத்தாலும் மறுபடி ஊதுமாம். புது ஸ்டட்டுகளுக்குக் கிராஃபைட் பசை தடவி, எதிரும் புதிருமாகச் சிறுகச் சிறுக முறுக்கினார். அறுந்த பட்டைக்குப் புதுப் பட்டை. கிழிந்த ரப்பருக்குப் புது ரப்பர். எஞ்சினைச் சூடேற ஓட்டி, ஆற விட்டு, இன்னொரு முறை முறுக்கிய பிறகே, "போயிட்டு வாங்க" என்றார்.

தொப்பூரில் இறங்கும்போது, டிரைவர் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டார். லாரி கனமாக முனகிக்கொண்டு, கோயில் யானை போல் அடிமேல் அடி வைத்து இறங்கிற்று. கிளீனர்ப் பையன் ஜன்னலோரம் நல்ல தூக்கத்தில் இருந்தான்.

நேயர்களே, உங்களிடம் லாரி இல்லாமல் இருக்கலாம். பழைய ஜீப்போ, காரோ, குழந்தைகள் ஏறிப் போகும் வேனோ இருக்கும். இணைப்புகளைச் சுற்றிக் கரிக்கோடு தெரிகிறதா? காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் 'சிட் சிட்' என்று சத்தம் கேட்கிறதா? தகரம் சுற்றி மறைக்காதீர்கள். இணைப்பைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். "வண்டியில் ஏறினால் தலை வலிக்கிறது, இறங்கினால் போய்விடுகிறது" என்று குழந்தை சொன்னால், உடனே ஜன்னலைத் திறந்துவிட்டு, வண்டியை அன்றே பட்டறைக்கு அனுப்புங்கள். கண் டாக்டரை அப்புறம் பார்த்துக் கொள்ளலாம்.