அப்பாவின் கொப்பியில் காணாமல் போன கிலோமீற்றர்கள்

ஓ.எல்லோட கணக்குப் பாடத்துக்கும் எனக்கும் உள்ள தொடர்பு முடிஞ்சுது என்று நினைத்துத்தான் ஏ.எல்லுக்குக் கலைப்பிரிவு எடுத்தேன். பல்கலைக்கழகத்திலும் வரலாறும் தமிழும்தான். அப்படிப்பட்ட நான் ஒரு இரவு முழுக்க முழிச்சிருந்து பார்த்த ஒரு கணக்கைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்பாவிடம் ஒரு பழைய விட்ஸ் இருக்கிறது. ஆயிரம் சீசீ. அதில் ஹயர் ஓடித்தான் என்னையும் தங்கச்சியையும் படிப்பிக்கிறார். 14 இஞ்சி இரும்பு றிம், அதுக்கு மேல் வெடிச்ச பிளாஸ்டிக் கப். எனக்கு அதைப் பார்க்க ஒரு மாதிரி இருக்கும். மஹாபொலக் காசும் ரியூசன் குடுத்த காசும் கொஞ்சம் சேர்ந்ததும், அப்பாவின் பிறந்தநாளுக்கு 16 இஞ்சி அலோய் றிம் நாலு வாங்கினேன். செக்கன்ட் ஹாண்ட், ரயரோடயே செட்டாக வந்தது. "நாலு போல்ட், நூறு மில்லிமீற்றர். விட்ஸுக்கு அப்படியே ஏறும் தம்பி" என்றார் விற்றவர். ஏறியது. கார் புதுசு மாதிரி நின்றது. அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்துச் சிரித்தார்.

இரண்டு கிழமையில் சத்தம் தொடங்கியது. பின்சீற்றில் மூன்று பேர் இருந்து பள்ளத்தில் விழுந்தால் ரயர் மட்காட்டில் உரஞ்சும். ஸ்டியரிங்கை முழுக்க வெட்டினால் முன்னாலும் அதே கதைதான். அப்பா ஒண்டும் சொல்லவில்லை. மகன் வாங்கித் தந்தது என்று பேசாமல் ஓடினார். மூன்று மாதத்துக்குப் பிறகுதான், "தம்பி, இப்ப கொடிகாமம் போய் வாறதுக்கு முந்தியை விட ஓட்டம் குறைச்சலாக் காட்டுது. மீற்றர் பிழையோ?" என்று கேட்டார்.

அன்றிரவுதான் ரயரின் பக்கத்தில் எழுதியிருப்பதை முதன்முதலில் ஒழுங்காக வாசித்தேன். பழைய ரயர் 165/70 R14. முதல் இலக்கம் ரயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்பது. கடைசி, றிம்மின் விட்டம், இஞ்சியில். 165இல் 70 வீதம் 115.5. மேலேயும் கீழேயும் சுவர் இருப்பதால் அது இரண்டு தரம், 231. 14 இஞ்சி 355.6 மில்லிமீற்றர். கூட்டினால் முழு உயரம் 586.6.

நான் வாங்கியது 195/55 R16. அதே மாதிரிக் கூட்டினால் 620.9. பழசை விட ஏறக்குறைய 5.8 வீதம் பெரிசு. இந்த வித்தியாசம் 3 வீதத்துக்குள் நிற்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. றிம் பெரிசானால் பக்கச்சுவர் அந்த அளவுக்குச் சின்னதாக வேணும். அப்பதான் முழு உயரம் மாறாது. போல்ட் பொருந்தினதை மட்டும் பார்த்து நான் விட்ட பிழை அதுதான்.

கார் எவ்வளவு தூரம் ஓடியது என்பதைச் சில்லு சுற்றுவதை வைத்துத்தான் மீற்றர் எண்ணுகிறது. சில்லு பெரிசானால் ஒரு சுற்றுக்குக் கூடத் தூரம் போகும். ஆனால் மீற்றருக்கு அது தெரியாது. 100 என்று காட்டும்போது கார் ஏறக்குறைய 106 ஓடியிருக்கும். வேகமும் அப்படித்தான், 60 என்று காட்டும்போது 63ஐத் தாண்டிப் போகும்.

அப்பா உள்ளூர் ஹயருக்கு மீற்றரைப் பார்த்துக் கிலோமீற்றர் கணக்கில்தான் காசு வாங்குவார். ஒவ்வொரு ஓட்டமும் ஒரு சி.ஆர். கொப்பியில் இருக்கும். மூன்று மாதத்தையும் கூட்டினேன், 3,800 கிலோமீற்றர். அதில் 5.8 வீதம் என்றால், சுமார் 220 கிலோமீற்றர் அப்பா காசில்லாமல் ஓடியிருக்கிறார். பெற்றோல் அவருடையது. பரிசு என்னுடையது.

விடிய, கொப்பியோடு போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப சனத்துக்கு லாபம்தானே" என்று மூடி வைத்தார். பேசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

றிம்மை வைத்துக்கொண்டு ரயரை மட்டும் மாற்றலாமா என்றும் பார்த்தேன். 195/45 R16 போட்டால் 581.9, உயரம் சரி. ஆனால் பக்கச்சுவர் 88 மில்லிமீற்றர்தான், பழசு 115. எங்கட ஒழுங்கைகளின் பள்ளத்தில் றிம் அடிவாங்கும். இன்னொன்று, அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் சுமை இலக்கம். பழைய ரயரில் 81, அதாவது ஒரு ரயர் 462 கிலோ தாங்கும். எனக்குக் கிடைத்த 195/45 ரயரில் 80, அது 450 கிலோ. ஆள் ஏற்றி ஓடும் காருக்குக் கம்பனி போட்டதை விடக் குறைந்த ரயர் போட மனம் வரவில்லை.

கடைசியில் அந்தச் செட்டை நட்டத்துக்கு விற்றுவிட்டு 15 இஞ்சி றிம்முக்கு வந்தோம். ரயர் 185/55 R15, சுமை இலக்கம் 82. முழு உயரம் 584.5. பழசுக்கும் அதுக்கும் இரண்டே மில்லிமீற்றர் வித்தியாசம். இந்த முறை வாங்க முதல், றிம்மின் அகலம் அந்த ரயருக்குச் சரியா, உள்ளே சஸ்பென்சனில் முட்டுமா, வெளியே மட்காட்டைத் தாண்டுமா என்று எல்லாம் பார்த்தேன். ரயர் செய்த திகதியைக் காட்டும் நாலு இலக்கத்தையும் பார்த்தேன். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. கழற்றின செட்டில் அதைப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கழற்ற முதல் அப்பாவும் நானும் ஏ9 வீதியில், கிளிநொச்சி தாண்டிக் கிலோமீற்றர் கல்லை எண்ணிக்கொண்டு ஓடியிருந்தோம். 20 கிலோமீற்றருக்கு மீற்றர் 18.9 காட்டியது. புது ரயர் போட்ட பிறகு அதே இடத்தில் திரும்ப ஓடினோம். கடைசிக் கல்லடியில் அப்பா காரை ஓரங்கட்டி எட்டிப் பார்த்தார். 20.0.

"இப்ப சரி" என்றார். பிறகு இறங்கி, றிம்மில் இருந்த தூசியைத் துவாயால் துடைத்தார்.